மெத்தைக் கடை மாப்பிள்ளை குடித்திருந்தாரா?

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, மெத்தை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முதுகுவலி. பழைய மெத்தையில் ஆளுக்கொரு பள்ளம், நடுவில் ஒரு மேடு, மேட்டின் மேல் அவருடைய போன். (இந்த மேட்டைப் பற்றி இப்போது வேண்டாம்.) கடையில் ஒருவர் எங்களுக்காக ஒவ்வொரு மெத்தையிலும் படுத்துக் காட்டினார். வலது பக்கம் திரும்பிப் படுத்தார், இடது பக்கம் திரும்பிப் படுத்தார், குப்புறப் படுத்துக்கொண்டே விலை சொன்னார். கல்லாவிலிருந்து ஒரு பெரியவர், "மாப்பிள்ளை, செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க" என்றார். படுத்திருந்தவர் வாயைத் திறந்தார். சுடச்சுட ஏதோ வரப்போகிறது என்று நானும் ஆசையாகக் காத்திருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு செருப்பைக் கழற்றினார்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒரு வாய் திறந்தது, மூடியது. மெத்தை வாங்கவில்லை. விலையைக் கேட்டதும் முதுகுவலி கொஞ்சம் தேவலை போலிருந்தது. அந்த வாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "மதுவிலக்கு அமலுக்கு வந்த அந்தக் காலைப்பொழுதில், நகரம் ஒரு மாபெரும்"

மாபெரும் என்ன? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. டீ ஆறியதுதான் மிச்சம்.

தொடக்கம் இரண்டு: "போதை என்பது தனிமனிதப் பழக்கமா, அல்லது ஒரு சமூகம் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும்"

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. உங்களை ஏன் படுத்த வேண்டும்.

தொடக்கம் மூன்று: "மாப்பிள்ளை வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை."

இது இருக்கட்டும். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஒரு மனுஷரைப் பற்றி உறுதியாக ஒன்று தெரிந்துவிட்டது. இனி அவரை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம்.

3

மாப்பிள்ளை வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. வாடை பட்டாலே விக்கல் எடுக்கும் உடம்பு.

அவர் வீட்டோடு மாப்பிள்ளை. கீழே கடை, மாடியில் வீடு. கல்லாவில் உட்காருபவர் மாமனார். மாமனாருக்கு அவர் மாப்பிள்ளை. மாமனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு உறை தைக்கிற அக்காவுக்கும், லோடு ஏற்றுகிறவர்களுக்கும், பார்சல் கொண்டுவருகிறவருக்கும்கூட மாப்பிள்ளை. அவருக்கு வேறு பேர் இருந்ததே அந்தத் தெருவுக்குத் தெரியாது. கடையில் மாமனாரை 'முதலாளி' என்று கூப்பிட வேண்டும், மாடியில் 'மாமா' என்று கூப்பிட வேண்டும். மாடிப்படியில் நடுவில் எதிரே வந்துவிட்டால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மாப்பிள்ளை சுவரோடு ஒட்டி நின்று சிரித்து வைப்பார்.

மாமனார் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளையை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். "மாப்பிள்ளை, அந்த ஷீட்டைத் தூக்குங்க. மாப்பிள்ளை, தரையைக் கூட்டிடுங்க." இவ்வளவு மரியாதையாக ஒருவர் வேலை வாங்கினால் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது?

அந்த வாய் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தற்செயலாகத் திறந்தது. தையல் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர், மாப்பிள்ளைக்கு ஒரே சிநேகிதர், அவரைத் தெருமுனை பாருக்கு இழுத்துப் போனார். மாப்பிள்ளை சோடா குடித்தார். மெக்கானிக் கையை ஆட்டிக் கதை சொன்னதில் அவருடைய கிளாஸ் மாப்பிள்ளையின் சட்டையில் கவிழ்ந்தது. அதோடு வீட்டுக்கு வந்தார். மாடி ஏறியதும் மாமனார் மூக்கை உறிஞ்சி, "குடிச்சிருக்கீங்களா?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் வீடே அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியதைப் பார்த்தார். மாமியார் நாற்காலியை நகர்த்திப் போட்டார். மனைவி சுவரோரமாக நின்றாள். மாமனார், வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்.

"வெளிய தொங்குற போர்டுல," என்றார் மாப்பிள்ளை, "'அண்ட் சன்ஸ்'னு போட்டிருக்கு. உமக்கு ஏதுய்யா சன்? ஒரே ஒரு பொண்ணு. நான்தானே மாடு மாதிரி உழைக்கிறேன்? 'அண்ட் மாப்பிள்ளை'ன்னு போட்டா போர்டு கீழ விழுந்துடுமா?"

ஒரு வார்த்தை குழறவில்லை. பிறகு ஞாபகம் வந்து, போகும்போது கதவில் ஒருமுறை மோதிக்கொண்டார்.

காலையில் ஒவ்வொரு படியாகத் தயங்கிக் கீழே இறங்கினால், மாமனார் டீயை நீட்டினார். "போதையில பேசினதை எல்லாம் மனசுல வச்சுக்கிறதில்ல. குடிங்க." அந்த வீட்டில் அதுதான் சட்டம், அந்தத் தெருவிலும் அதுதான். குடித்தவன் பேச்சை விடிந்தால் யாரும் எடுப்பதில்லை. போர்டு மாறவில்லை. மாப்பிள்ளைக்கு அது பெரிதாகப் படவில்லை. ரொம்ப காலம் அடைத்துக் கிடந்த காது பட்டென்று திறந்துகொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு சோடா. மெக்கானிக்கின் கிளாஸிலிருந்து காலருக்கு ஒரு துளி, சென்ட் போடுவதுபோல. பிறகு நடை. ஆரம்பத்தில் நடையைக் கொஞ்சம் மிகைப்படுத்தினார். எதிர்வீட்டுச் சுவர், தெருவிளக்கு, நின்றிருந்த சைக்கிள் என்று ஒன்றுவிடாமல் மோதினார். போகப் போகப் பழகிவிட்டது. இடது காலை மட்டும் கொஞ்சம் தாமதமாக எடுத்துவைத்தால் போதும்.

மாமனாரைத் திட்டியது பாதிதான். மீதிப் பாதி மனைவிக்கு. நிதானத்தில் சொல்லக் கூச்சப்பட்டதை எல்லாம் சனிக்கிழமையில் சொன்னார். "நீ சிரிக்கும்போது முதல்ல தோள்தான் சிரிக்குது தெரியுமா? வாய் அப்புறமாதான் வருது." இன்னொரு சனிக்கிழமை: "இந்த வீட்ல எனக்குன்னு இருக்கிறது உன் பக்கத்துத் தலையணை ஒண்ணுதான்." அவள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சிரிப்பாள். தோள் குலுங்குவது மெத்தையில் தெரியும். நல்ல ஸ்பிரிங் மெத்தை.

ஒரே ஒரு சனிக்கிழமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஏதோ பேச்சு வளர்ந்து, அவள் அப்பா பக்கம் பேசினாள். மாப்பிள்ளை, "உன்னைக் கட்டிக்கிட்டதே இந்தக் கடைக்காகத்தான்" என்றுவிட்டார். சொன்ன வேகத்தில் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காலையில் அவள் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" "என்ன சொன்னேன்?" என்றார் மாப்பிள்ளை, கண்ணைக் கசக்கிக்கொண்டே. "ஒண்ணுமில்ல" என்று அவள் போர்வையை மடித்தாள். போதை அவரைக் காப்பாற்றியது, குடிக்காமலே.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நான் எழுதுவதை என் வீட்டுக்காரர் காலை டீயோடு படித்துவிடுவார். இதுவரை படித்துவிட்டு, "தலையணை விஷயம் நல்லா இருக்கே, எங்கேர்ந்து புடிச்சே?" என்றார். "கற்பனைதாங்க" என்றேன். அவர் டீயை முடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். உங்களுக்கும் அதே பதில்தான்.]

4

இப்போது மதுவிலக்கைக் கொண்டுவருகிறேன்.

எங்கள் ஊரில் அப்படியொன்றும் இல்லை. கதைக்காக நானே போட்டது. அரசாங்கம் என்றால் கமிட்டி, அறிக்கை, வழக்கு, மேல்முறையீடு என்று வருஷங்கள் ஓடும். எனக்கு ஒரு வாக்கியம் போதும்: மறுநாள் காலையிலிருந்து மது இல்லை. பார்த்தீர்களா, கை வலிக்கக்கூட இல்லை. குடித்தவனாகப் பிடிபட்டால் ஆறு மாசம் உள்ளே. இதையும் நான்தான் போட்டேன். ஒரு வருஷம் என்று எழுதிவிட்டு, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பாதியாகக் குறைத்தேன்.

தெருமுனை பார் பல் ஆஸ்பத்திரி ஆனது. அதே நாற்காலிகளில் அதே ஆட்கள் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார்கள். வார்த்தைதான் வரவில்லை. தெரு ரொம்ப மரியாதையாகிவிட்டது. சனிக்கிழமைதோறும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, கடைசியில் கட்டிப்பிடித்து அழுகிற இரண்டு லாரி டிரைவர்கள் இப்போது தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் வீட்டு வாசலில் நின்று சொத்தைக் கேட்கிற தம்பி, வாசலைக் கடக்கும்போது "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்தான். பல் ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டம் என்று இப்போது எனக்கே புரிகிறது.

மாமனாருக்குத்தான் யோகம். தெரு மதுவிலக்குக் கமிட்டிக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். குடிகாரனோடு குடித்தனம் நடத்திய அனுபவம் உள்ளவராம். முதல் கூட்டத்திலேயே மாப்பிள்ளையை மேடையேற்றி, "இவரையே எடுத்துக்குங்க. சனிக்கிழமை வந்தா எங்க வீட்டு மாடி நடுங்கும். இன்னைக்கு எப்படித் திருந்தி நிக்கிறார் பாருங்க" என்றார். கூட்டம் கை தட்டியது. ஒலிபெருக்கியை மாப்பிள்ளையிடம் கொடுத்து, விட்டது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"ரொம்ப கஷ்டமா இருக்குங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் கண்ணில் தண்ணீர். அன்று அந்த மேடையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

5

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. உறை தைக்கிற அக்காவுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தேன்: "மாப்பிள்ளை, ஜிப் தீர்ந்துபோச்சு." அவர் அதைச் சொல்லிவிட்டுக் கதையிலிருந்து போகாமல் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளை அப்போது பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து, யாரிடமும் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாரும் சும்மா இருக்காங்கக்கா. ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசறதில்ல. இந்தச் சட்டம் வந்ததுல மனுஷனுக்கு வாயே போச்சு."

அக்கா மெஷினை நிறுத்தினார். "யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"எங்க வீட்ல பேசினது வாயில்ல மாப்பிள்ளை. எங்க வீட்டுக் கதவுக்கு தாழ்ப்பாள் போட்டு எவ்வளவு நாளா நிக்குதுன்னு பாருங்க. முன்னெல்லாம் அவர் குடிச்சிட்டு வந்து உதைச்சு உடைக்க, மாசத்துக்கு ஒண்ணு மாத்துவேன். இப்பத்தான் ராத்திரி காலை நீட்டிப் படுக்கிறேன். புள்ளைங்க ரேடியோ கேக்குதுங்க."

"அது சரிதான்க்கா, நான் சொல்ல வந்தது..."

"உங்களுக்குப் பேசணும்னா பேசுங்களேன். யார் வேண்டாம்னா? அதுக்கு எதுக்கு எங்க தெருவுல பார்?"

மாப்பிள்ளை பஞ்சைப் பிய்த்தார். எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவை வைத்தேன். சிரிப்பும் கும்மாளமுமாக மதுவிலக்கின் பின்விளைவுகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தவள், முதல் பின்விளைவை இந்த அக்கா வந்து சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். தாழ்ப்பாள் நிற்கிறது. இதைக் கதையிலிருந்து எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். இதற்கு மேல் மாப்பிள்ளை பக்கம் பேசுவதென்றால் இதையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

"ஜிப் வாங்கிட்டு வாங்க, கறுப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அக்கா மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

6

சனிக்கிழமைத் திட்டு நின்றுபோனதில் மாமனாருக்குத் தெம்பு கூடியது. ஒரு நாள் மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "மாப்பிள்ளை, புதுசா ஸ்பிரிங் மெத்தை லோடு வருது. கீழ இடமில்ல. உங்க ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. நீங்க ரெண்டு பேரும் ஹால்லயே ஜோரா படுத்துக்கலாம். நாங்கதான் இருக்கோமே."

வீட்டில் கதவுள்ள அறை அது ஒன்றுதான் அவர்களுக்கு. தலையணைகள் அங்கேதான் இருந்தன. சிரிக்கிற தோளும் அங்கேதான் இருந்தது. ஹாலில், மாமியார் கட்டிலுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில், யாருடைய தோள் சிரிக்கும்?

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஒரு கவளம் சோற்றை வைத்து மூடினார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் மனைவி கேட்டாள். "நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்றது?"

"சனிக்கிழமையா இருந்திருந்தா சொல்லியிருப்பீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. போன ஊரை நினைத்துக்கொள்வதுபோலச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு அதுதான் தாங்கவில்லை.

[இங்கே ஒரு விஷயம். எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு அறைப் பேச்சு ஓடுகிறது. நாங்கள் இருப்பது என் மாமனார் வீடு. நான் எழுதுகிற பின்கட்டு அறையில் பழைய சாமான்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் போன வாரம் சொன்னார். நான் "சரிங்க மாமா" என்றேன். அதற்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெத்தை வேறு, சாமான் வேறு.]

7

பார் இல்லை. மெக்கானிக்கின் கிளாஸ் இல்லை. வாடைக்கு என்ன செய்வது?

நான் முதலில் இருமல் மருந்து என்று எழுதினேன். அடித்தேன். பிறகு, "மாப்பிள்ளை ரகசியமாக ஒரு" என்று ஆரம்பித்து, சட்டவிரோதமாக எதையும் செய்யக்கூடியவர் அவர் இல்லை என்று அதையும் அடித்தேன். கடைசியில் அவரே கண்டுபிடித்தார். நுரை ஷீட்டுகளை ஒட்டுகிற சொல்யூஷன். டப்பாவைத் திறந்தால் குப்பென்று ஏறும் வாடை, கண் கரிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கடை மூடியதும் காலரில் இரண்டு துளி தடவிக்கொண்டார். தெருமுனை வரை போய்ப் பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, இடது காலைத் தாமதமாக எடுத்துவைத்துத் திரும்பி நடந்தார்.

எவ்வளவு நாள் கழித்து. தெருவிளக்கில் மோதியபோது சொந்த ஊருக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தது அவருக்கு. தெரு ஆவென்று பார்த்தது. ஜன்னல்கள் திறந்தன. பொறாமையில் ஒருவர் பெருமூச்சு விட்டது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

மாடியில் ஏறி, ஹால் நடுவில் நின்றார்.

"யோவ் கமிட்டி," என்றார். "அந்த ரூமைத் தர முடியாது. உம்ம மெத்தைக்கு ரூம் வேணும்னா நீரும் அத்தையும் கடையில போய்ப் படுங்க. ஊரெல்லாம் தூங்கறதுக்கு மெத்தை விக்கிறீர். சொந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் எங்க தூங்கறதுன்னு ஒரு நாள் யோசிச்சீரா? அந்த ரூம் எனக்கு வேணும். அவளும் நானும் கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிக்கணும். அவ்வளவுதான்யா கேக்கறேன்."

மனைவியின் தோள் லேசாகக் குலுங்கத் தொடங்கி, நின்றது. மூக்கைச் சுருக்கினாள். எதையோ யோசித்தாள்.

மாமனார் பழைய மாமனாராக இருந்திருந்தால் காலையில் டீ நீட்டியிருப்பார். இப்போது மாப்பிள்ளையின் பின்னாலேயே ஏறி வந்த கமிட்டி உறுப்பினர்கள் மாடிப்படி நெடுக நின்றிருந்தார்கள், தலைவர் வீட்டிலேயே இப்படியா என்ற முகத்தோடு. அவர் வேர்த்துப்போய் எல்லாரையும் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, போலீஸ் நம்பரை அவரே போட்டார்.

8

ஸ்டேஷன். சுவரில் புது சுண்ணாம்பு. மேஜைமேல் ஒரு புது மெஷின், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். பக்கத்தில் ஏட்டு. அவருக்கும் மெஷினுக்கும் இதுதான் முதல் கேஸ். சட்டம் வந்ததிலிருந்து ஒருத்தரும் மாட்டவில்லை என்று ஏங்கிப்போயிருந்தார்.

மாமனார் வந்தார், தலையில் மெத்தையோடு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவரை அப்படி வரச் சொல்லவில்லை. ஆறு மாசம் தரையில் படுத்தால் மாப்பிள்ளைக்கு முதுகு போய்விடுமாம். கடையிலேயே நல்லதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார். போன் பண்ணியதும் அவர்தான், மெத்தை தூக்கியதும் அவர்தான். இந்த ஆளை நான் வில்லனாக்கலாம் என்று நினைத்திருந்தேன், போச்சு.

"லாக்கப்புக்குள்ள மெத்தை வைக்க விதி இல்லைங்க" என்றார் ஏட்டு.

"வைக்கக் கூடாதுன்னும் விதி இல்லையே" என்றார் மாமனார்.

ஏட்டு கொஞ்சம் குழம்பி, மெத்தையைச் சுவரில் சாத்தச் சொன்னார். அதன் ஓரத்தை ஒருமுறை அழுத்தியும் பார்த்துக்கொண்டார். பிறகு மெஷினின் உறையைப் பிரித்து மாப்பிள்ளையிடம் குழாயை நீட்டினார். "இதுல ஊதுங்க. குடிச்சிருந்தா நம்பர் காட்டும். குடிக்கலேன்னா சைபர், வீட்டுக்குப் போகலாம். ஊத மாட்டேன்னா குடிச்சதாவே எழுதிடுவேன்."

மாப்பிள்ளை குழாயை வாய்வரை கொண்டுபோனார். அங்கேதான் அவருக்கு உறைத்தது.

சைபர் வரும். வந்தால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் இன்று ஆடியது என்றும் ஆடுகிற அதே ஆட்டம், அதே இடது கால். இன்று குடிக்கவில்லை என்றால் என்றைக்கு? மாமனாரை 'யோவ்' என்றது, போர்டு, எல்லாம் நிதானத்தில் சொன்னதாகிவிடும். அதுகூடப் போகட்டும். அந்த ஒரு சனிக்கிழமை?

மாமனாரோடு வந்திருந்த மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். மெத்தைக்குப் பின்னால், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "இது சொல்யூஷன் வாடை. நான் இந்தக் கடையில பொறந்தவ. எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை குழாயை வாயிலிருந்து கீழே இறக்கினார்.

"நீங்க எப்பவுமே குடிச்சதில்ல. அப்படித்தானே?"

"அது வந்து..."

"நீங்க சொல்ல வேண்டாம். மெஷின் சொல்லட்டும். சைபர் வந்தா, தோள் சிரிக்குதுன்னு நீங்க சொன்னது நிஜம். நான் அதை எத்தனை வருஷமா, போதையில வந்ததுதானேன்னு பாதி சந்தோஷத்தோட வச்சிருந்தேன் தெரியுமா? ஆனா கடைக்காகக் கட்டிக்கிட்டேன்னு சொன்னதும் நிஜமாயிடும். ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை விட முடியாதுங்க."

"அது கோவத்துல வந்தது" என்றார் மாப்பிள்ளை.

"கோவத்துல சொன்னா காலையில எடுக்கக் கூடாதுன்னு நம்ம வீட்ல சட்டம் இல்லையே. போதைக்கு மட்டும்தான இருக்கு."

அவள் கண் நிறைந்திருந்தது. சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. தோளைப் பார்த்தால் தெரியும், மாப்பிள்ளைக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆறு மாசம் உள்ளே போனால் இரண்டுமே போதைப் பேச்சாக, யாரையும் காயப்படுத்தாமல், யாருக்கும் பயன்படாமல் பத்திரமாகக் கிடக்கும். ஊதினால் இரண்டும் உயிரோடு எழுந்து வீட்டுக்கு வரும்.

"ஊதுங்க சார்," என்றார் ஏட்டு. "மெஷின் சூடாயிட்டே இருக்கு."

9

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

மெஷினில் பேட்டரி தீர்ந்துபோகலாம். இதைத்தான் முதலில் எழுதினேன். எழுதிய கையோடு உறை தைக்கிற அக்கா முறைப்பதுபோல இருந்தது, கிழித்துவிட்டேன்.

மாப்பிள்ளை ஊதுகிறார், சைபர். மாமனார் மெத்தைமேல் பொத்தென்று உட்கார்ந்து, "அப்ப அந்த போர்டு விஷயம்..." என்று ஆரம்பிக்கிறார். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி இரண்டடி முன்னால் நடக்கிறாள். அவள் தோள் என்ன செய்கிறது என்று பின்னாலிருந்து

இல்லை.

மாப்பிள்ளை குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆறு மாசம், நல்ல மெத்தை. மனைவி வாராவாரம் பார்க்க வருகிறாள், சனிக்கிழமைகளில்

இங்கேதான் என் வீட்டுக்காரர் வந்தார். எட்டாம் பகுதிவரை படித்துவிட்டுப் பேப்பரை மேஜைமேல் வைத்தார். டீ அப்படியே இருந்தது. வேலைக்குக் கிளம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மெத்தை நடுவுல மேடு இருக்கு, மேட்டு மேல என் போன் இருக்குன்னு எழுதியிருக்கே."

"கதைங்க."

"அந்த மாமனார் எங்கப்பாவா?"

"கதைதாங்க."

"அப்பா அந்த ரூமைக் கேட்டப்ப நீ சரின்னுதானே சொன்னே? நிஜமாவே சரிதான்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் மேஜையின் ஓரத்தைத் தடவினார். "தலையணை விஷயம்... அதுவும் கதையா?"

நான் வாயைத் திறந்தேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எந்தத் தெருவிலும் பார் இருந்ததில்லை. நான் இடது காலைத் தாமதமாக எடுத்துவைத்து ஹாலில் நின்று 'யோவ்' என்றால், காலையில் யாரும் டீ நீட்ட மாட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை இருந்தது. எனக்கு இது இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எழுதலாம், கேட்டால் கதைதானே என்று சொல்லிவிடலாம். விடிந்தால் யாரும் எடுப்பதில்லை. சந்தோஷமாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன், இப்படி ஒருவர் டீயை ஆறவிட்டு எதிரே உட்காருவார் என்று எதிர்பார்க்கவில்லை. கதை என்றால் மேடும் கதை, தலையணையும் கதை. அறை பழைய சாமானுக்குப் போகும். கதை இல்லை என்றால் அறை கிடைக்கலாம், ஆனால் மேட்டையும் சேர்த்துத்தான் அவர் எடுத்துக்கொள்வார். ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட முடியாது. இதை எழுதியது நான்தான், இப்போது என் கழுத்திலேயே வந்து விழுந்திருக்கிறது.

அங்கே ஸ்டேஷனில் ஏட்டு, "ஊதுங்க" என்கிறார். இங்கே மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர், "சொல்லேன்" என்கிறார். மாப்பிள்ளையும் நானும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறோம். இவ்வளவு நேரம் கூடவே இருந்தது நீங்கள் ஒருவர்தான். யார் நிதானத்தில் பேசினார், யார் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரியும். விடச் சொன்னால் விடுகிறோம், வேண்டாமென்றால் முழுங்கிவிடுகிறோம்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். மூச்சு முட்டுகிறது.